மாணவரின் வாதப் பேச்சுக்கு மதிப்பெண் இடுவது எப்படி?

குன்னூர்த் தமிழாசிரியை எழுதியது:

சென்ற வாரம் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கான பேச்சுப் போட்டி ஒன்றில் மூன்று நடுவர்களுள் ஒருத்தியாக அமர்ந்திருந்தேன். ‘நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை தொடர வேண்டுமா?’ என்பது தலைப்பு. இ-பாஸ் என்பது வண்டி மலைக்கு வருமுன் இணையத்தில் பெறும் நுழைவு அனுமதி. வேண்டும், வேண்டாம் என எந்தப் பக்கத்தையும் மாணவர் எடுத்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஐந்து நிமிடம். பதினான்கு பேர் பேசி, பரிசும் வழங்கியாகிவிட்டது. ஆனால் நான் கையெழுத்திட்ட முடிவு சரிதானா என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

முதற்பரிசு பெற்ற மாணவனுக்குக் கணீரென்ற குரல். ஒரு சங்கப் பாடலடியில் தொடங்கி, இயற்கை அன்னை கண்ணீர் வடிப்பதாக உருகி, ‘விழித்தெழு தமிழா’ என்று முடித்தான். ஓரிடத்திலும் தடுமாறவில்லை, அரங்கம் மும்முறை கைதட்டியது. ஆனால் இ-பாஸ் என்பது என்ன, யாருக்குப் பொருந்தும், எத்தனை வண்டிகளுக்கு வரம்பு என்பதைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு சொல்லும் இல்லை. வீட்டுக்கு வந்தபின், ‘இ-பாஸ்’ என்று அவன் சொன்ன இடங்களில் எல்லாம் ‘நெகிழி’ என்று மாற்றி மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். எங்கும் இடறவில்லை. ‘காடழிப்பு’ என்று மாற்றினாலும் அதே பேச்சு நின்றது.

பதினோராவதாக ஒரு மாணவி வந்தாள். அவளுடைய தந்தை சுற்றுலா வேன் ஓட்டுகிறார். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது என்பதையும், 2025 கோடையில் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என வரம்பு வைக்கப்பட்டது என்பதையும் சரியாகச் சொன்னாள். பிறகு, ‘எங்கள் தெருவில் கடை வைத்திருப்பவர்கள் இதனால் வியாபாரம் குறைந்தது என்கிறார்கள், அது பொய் இல்லை’ என்று அவளாகவே எடுத்துவைத்தாள். நெரிசல் மிகுந்த மே மாதத்தில் குன்னூரிலிருந்து உதகைக்குச் செல்லும் 20 கிலோமீட்டருக்கும் குறைவான சாலையில் அவளுடைய தந்தை பாதி நாளைக் கழித்துவிடுவதால், இரண்டு நடை ஓடவேண்டிய வண்டி ஒரு நடையோடு நின்றுவிடுகிறது என்றும், கூட்டம் கூடினால் வருமானம் கூடும் என்னும் கணக்கு வண்டிக்காரரின் வீட்டிலேயே பொய்த்துப் போகிறது என்றும் விளக்கினாள். இரண்டு முறை நின்றாள். ஒருமுறை கையிலிருந்த தாளைப் பார்த்தாள். ‘ழ’ வரவேண்டிய இடத்தில் ‘ள’ வந்தது.

என் பக்கத்தில் இருந்த நடுவர் அன்று காலையில் தேநீர் குடிக்கும்போது இ-பாஸால் வந்த தொல்லைகளை எங்களிடம் அடுக்கியவர். அந்த மாணவி பேசி முடித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ‘இப்படி நான் யோசிக்கவில்லை’ என்று என்னிடம் மெல்லச் சொன்னார். அப்படிச் சொன்னவரே அவளுக்கு 61 மதிப்பெண் இட்டார். நான் 64 இட்டேன். எங்களிடம் தரப்பட்ட தாளில் குரல், உச்சரிப்பு, உடல்மொழி, மொழிநடை, கருத்து ஆகிய ஐந்துக்கும் தலா 20. கருத்துக்கு முழு மதிப்பெண் இட்டாலும் மற்ற நான்கும் அவளைக் கீழே இழுத்துவிட்டன. எதிர்க்கருத்துடைய ஒருவரை அசைத்த ஒரே பேச்சு பரிசுப் பட்டியலில் இல்லை. ஏற்கச் செய்வதற்காகப் பேசப்படும் பேச்சை நீங்கள் எதைக்கொண்டு அளக்கிறீர்கள்?

கொடைக்கானல், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுதியது:

அம்மா, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆயினும் குரலையும் நிமிர்ந்து நிற்பதையும் வெறும் ஒப்பனை என்று தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பூம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவியின் பேச்சு இன்னும் என் நினைவில் இருக்கிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததையொட்டி வைத்த தலைப்பு அது. மற்றவர்கள் பெருமை பேசிக்கொண்டிருக்க, அந்தப் பெண் மட்டும், குறியீடு கிடைத்தால் போதாது, பயிரிடுவோர் தம்மை அங்கீகரிக்கப்பட்ட பயன்படுத்துவோராகப் பதிவு செய்துகொள்ளாவிட்டால் சமவெளிப் பூண்டை மலைப்பூண்டு என்று விற்பவரைத் தடுப்பது கடினம் என்று பேசினாள். அன்றைய பேச்சுகளில் மிகச் சிறந்த வாதம் அதுதான். முதல் வரிசையில் இருந்ததால் எனக்குக் கேட்டது. மூன்றாம் வரிசையில் இருந்தவர்களில் எவருக்கும் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்காத வாதம் யாரை ஏற்கச் செய்யும்?

பண்ணைக்காடு, தாண்டிக்குடி போன்ற ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளுள் பலர் வகுப்பில் எழுந்து நின்று தம் பெயரைச் சொல்வதற்கே நடுங்குவார்கள். அவை அஞ்சாமையை வள்ளுவர் தனி அதிகாரமாகவே வைத்தார். கண்ணகி பாண்டியன் அவையில் தாழ்ந்த குரலில் முறையிட்டிருந்தால் அவள் பேச்சு அரசன் செவியில் ஏறியிருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

கோத்தகிரி அறிவியல் ஆசிரியர் எழுதியது:

பேச்சில் சான்றுக்கே முதலிடம் என்பது என் பக்கம். ஐயா காட்டிய எடுத்துக்காட்டு அதற்கே வலுச் சேர்க்கிறது. கண்ணகியின் சினம் அரசனைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அவனைச் சாய்த்தது அச்சினம் அன்று. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் முதலில் சொல்கிறாள். தன்னுடைய சிலம்பின் பரல் முத்து என்று அரசன் சொல்கிறான். பிறகு சிலம்பு உடைக்கப்படுகிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு சோதனையை அவள் அவையிலேயே நடத்திக் காட்டினாள். அதன் முடிவைக் கண்ட அரசன் தானே கள்வன் என்று தனக்குத் தீர்ப்பளித்துக்கொண்டான். இதைவிடச் சிறந்த சான்று காட்டலை நான் அறியேன். நம் மாணவர்களோ கண்ணகியின் சினத்தை மட்டும் பழகுகிறார்கள். சிலம்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள்.

கடந்த ஆண்டு இங்கே நடந்த ஒரு போட்டியில் ஐந்து மாணவர்கள், தேனீக்கள் அழிந்தால் நான்கே ஆண்டுகளில் மனித இனம் அழியும் என்று ஐன்ஸ்டைன் சொன்னதாகப் பேசினார்கள். ஐன்ஸ்டைனின் எழுத்திலோ பேச்சிலோ அதற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. அப்துல் கலாம் பெயரில் உலவும் பல வாக்கியங்களும் இதே நிலையில் இருப்பவைதான். நடுவர்கள் அந்த ஐவருக்கும் ‘மேற்கோள் சிறப்பு’ என்று எழுதினார்கள். தேன் எடுக்கும் குறும்பர்கள் வாழும் மாவட்டத்தில், தேனீயைப் பற்றிப் பேசுவதற்கு ஐன்ஸ்டைனைத் துணைக்கு அழைத்த பிள்ளைகளுள் ஒருவரும் தேன் எடுப்பவர் ஒருவரிடம் போய் ஒரு கேள்வி கேட்டுவரவில்லை.

ஆகவே என் முறை இது. பேச்சைக் கேட்கும்போது தாளின் இடப்பக்கத்தில் மாணவர் எதை ஏற்கச் சொல்கிறார் என்று ஒரே வரியில் எழுதுவேன். வலப்பக்கத்தில் அதற்கு அவர் காட்டும் காரணங்களை மட்டும் எழுதுவேன். உவமைகள், வணக்கங்கள், முழக்கங்கள் எதையும் எழுதுவதில்லை. முடிவில் வலப்பக்கம் வெறுமையாக இருந்தால், கைதட்டல் எவ்வளவு எழுந்திருந்தாலும் வாதத்துக்கான மதிப்பெண்ணை அதற்கேற்பவே இடுவேன்.

பந்தலூரிலிருந்து ஒரு தாய் எழுதியது:

நான் ஆசிரியை அல்லள். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, இப்போது ஒரு சிறு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். உச்சரிப்புக்கு 20 மதிப்பெண் என்பதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

1964ஆம் ஆண்டின் சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்களுள் என் பெற்றோரும் அடங்குவர். எங்கள் பேச்சுக்கு ஒரு தனி ஓசை உண்டு. என் மகளின் வகுப்பில் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். படுக மொழி பேசுவோர் இருக்கிறார்கள். பணியர் வீட்டுப் பிள்ளைகளும் காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இவர்களுள் பலருக்குப் பள்ளித் தமிழ் இரண்டாவது மொழி. சொல்லைத் தெளிவாகச் சொல்லும் பிள்ளையையும் மதுரையிலோ தஞ்சையிலோ பேசுவதுபோலச் சொல்லும் பிள்ளையையும் ஒன்றென்று எண்ணி மதிப்பெண் இடுகிறார்கள். என் மகள் பேசியதில் புரியாத சொல் எது என்று ஒரு நடுவரிடம் கேட்டேன். எல்லாம் புரிந்தது, ஆனால் ஓசை சரியில்லை என்றார். அதற்காக அவர் குறைத்தது எட்டு மதிப்பெண். அடுத்த ஆண்டு அவள் பெயர் கொடுக்கவில்லை.

முன்னாள் போட்டியாளர், கல்லூரி மாணவர் எழுதியது:

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் பேசாத போட்டி இந்த மலையில் இல்லை என்று சொல்லலாம். அந்தப் பேச்சுகளுள் நானே எழுதியது ஒன்றுகூட இல்லை. தொடக்கமும் முடிவும் எல்லாத் தலைப்புக்கும் ஒன்றே. நடுப்பகுதியை மட்டும் ஆசிரியர் மாற்றித் தருவார். எந்தச் சொல்லில் கையை உயர்த்த வேண்டும் என்பதுகூடத் தாளில் அடிக்கோடிட்டிருக்கும்.

பதினொன்றாம் வகுப்பில், சீகை (வாட்டில்) மரங்களை அகற்றிச் சோலைகளையும் புல்வெளிகளையும் மீட்க வேண்டும் என்று பேசிப் பரிசு வாங்கினேன். மேடையை விட்டு இறங்கியபோது ஒரு முதியவர், ‘தம்பி, சீகையை வெட்டிவிட்டால் நாங்கள் விறகுக்கு எங்கே போவது?’ என்று கேட்டார். அவர் குறை சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. வெள்ளையர் காலத்தில் அந்த மரத்தை இங்கே கொண்டுவந்ததே விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும்தான் என்பதைப் பின்னால்தான் படித்தேன். அதாவது, அவருடைய கேள்வி என் தலைப்பின் மையத்திலேயே இருந்தது. நான் அதைத் தொடாமலேயே பரிசு பெற்றிருந்தேன்.

பேச்சு முடிந்ததும் இரண்டு நிமிடம் கேள்விக்கு ஒதுக்குங்கள். யார் எழுதிய பேச்சு என்பது முதற்கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

கொடைக்கானல், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுதியது:

தம்பியின் பதிவை இருமுறை படித்தேன். அப்படி எழுதிக் கொடுத்த ஆசிரியர்களுள் நானும் ஒருவன் என்பதைச் சொல்லியாக வேண்டும். பிள்ளை வெற்றி பெற வேண்டும் என்ற ஆசையில் செய்தேன். அவன் சிந்திப்பதற்கான இடத்தை நானே நிரப்பிவிடுகிறேன் என்பது அப்போது தோன்றவில்லை.

கேள்வி கேட்கும் முறைக்கு நான் உடன்படுகிறேன். ஒரேயொரு வேண்டுகோள் உண்டு. கூச்சம் உள்ள பிள்ளையிடம் கேள்வியை எறிந்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அவனுக்குத் தெரிந்ததும் மறந்துபோகும். கேள்வியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, பிறகு விடை சொல்லச் சொல்லலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எங்கே தேடினால் தெரியும் என்று சொல்கிற பிள்ளைக்கும் மதிப்பெண் உண்டு என்பதை முன்பே அறிவித்துவிட வேண்டும்.

குன்னூர்த் தமிழாசிரியை எழுதியது:

பந்தலூர் அம்மாவுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். ‘ழ’கரத்துக்காக அந்த மாணவியிடம் நானும் மூன்று மதிப்பெண் குறைத்தேன். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் எனக்குப் புரியாமல் போகவில்லை.

இந்த உரையாடலைப் படித்தபின் நன்னூலின் பாயிரத்தைத் திரும்ப எடுத்தேன். எத்தனையோ ஆண்டுகளாக இலக்கண வகுப்பில் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்த பகுதியை, மதிப்பெண் தாளாகப் பார்த்தது இதுவே முதல்முறை. நூலுக்குச் சொல்லப்பட்ட பத்துக் குற்றங்களுள் பாதிக்கு மேல் நம் மேடைப் பேச்சுக்கு அப்படியே பொருந்துகின்றன. தலைப்பு இ-பாஸாக இருக்க, தமிழர் வீரத்தைப் பற்றி ஒன்றரை நிமிடம் பேசுவது ‘மற்றொன்று விரித்தல்’. ஒரே கருத்தை மூன்று அடுக்குமொழியில் சொல்வது ‘கூறியது கூறல்’. முதல் நிமிடம் முழங்கிவிட்டுக் கடைசி நிமிடத்தில் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போவது ‘சென்று தேய்ந்து இறுதல்’. சுற்றுலாவை நிறுத்த வேண்டும் என்று தொடங்கி, சுற்றுலாவால்தான் நாம் வாழ்கிறோம் என்று முடிப்பது ‘மாறுகொளக் கூறல்’. மாணவருக்கு இந்தப் பெயர்கள் முன்பே தெரியும், தேர்வில் எழுதுகிறார்கள். தம் பேச்சில் அவற்றைத் தேடிப் பார்க்கத்தான் நாம் சொல்லித்தரவில்லை.

அதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது நூலாசிரியர் பிறர் கருத்தை அணுகும் முறைகளாக நன்னூல் கூறும் எழுவகை மதங்களுள் ஒன்றான ‘பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு’. எதிர்த் தரப்பின் கருத்தை முதலில் தானே எடுத்துக்கொண்டு, அதன் வலுவோடு நிறுத்தி, பிறகு அதை நீக்குவது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரும் பரபக்கம் என்று பிறர் கொள்கைகளைக் கூறி மறுத்த பின்னரே தன் கொள்கையைக் கூறும் சுபக்கத்துக்கு வருகிறது. வேன் ஓட்டுநரின் மகள் செய்தது இதுதான். கடைக்காரர்களின் இழப்பைப் பொய் என்று அவள் சொல்லவில்லை. அதை ஒப்புக்கொண்டுவிட்டு, அதன்மேல் தன் கணக்கை வைத்தாள். அதனால்தான் என் பக்கத்தில் இருந்தவர் செவிகொடுத்தார். தன் குறையைக் கேட்டு ஒப்புக்கொண்டவரிடம் யாரும் முகம் திருப்புவதில்லை. இந்த ஒன்றுக்குத் தனியாக மதிப்பெண் வைக்காத எந்தத் தாளையும் இனி நான் ஏற்கப் போவதில்லை.

கோத்தகிரி அறிவியல் ஆசிரியர் எழுதியது:

முழுமையாக உடன்படுகிறேன். நடுவர்களைப் பற்றியும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். தாளை மட்டும் மாற்றிவிட்டு நம்மை மாற்றிக்கொள்ளாவிட்டால் பழைய முடிவே திரும்பி வரும்.

ஒரு பேச்சின் ஒரு கூறு நமக்குப் பிடித்துவிட்டால், மற்றக் கூறுகளுக்கும் நாம் அறியாமலே கூடுதலாக இடுகிறோம். நல்ல குரலுடைய பிள்ளைக்குக் ‘கருத்து’ என்னும் கட்டத்திலும் 17, 18 விழுவதற்கு இதுவே காரணம். இதைக் குறைக்க, வாதத்துக்கு ஒருவரும் மேடைத்திறனுக்கு மற்றொருவரும் எனப் பிரித்துக்கொள்ளலாம். முதலில் பேசுபவரை அளக்க நம்மிடம் ஒப்பீடு இல்லாததால் கையை இறுக்கிக்கொள்கிறோம். ஆகவே போட்டிக்கு முன் ஒரு பழைய பதிவைக் கேட்டு, எல்லா நடுவர்களும் தனித்தனியே மதிப்பெண் இட்டு, வேறுபாடு எங்கே வருகிறது என்று பேசிக்கொள்வது நல்லது. நாம் ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட கருத்தைப் பேசும் பிள்ளையின் வாதம் நமக்கு வலுவாகத் தோன்றும் என்பதையும் மறக்கக் கூடாது.

பேச்சுக்கு முன்னும் பின்னும் அவையினரைக் கை உயர்த்தச் சொல்லி, எத்தனை பேர் மனம் மாறினார்கள் என்று எண்ணும் முறையை என் வகுப்பில் இருமுறை முயன்றேன். நண்பர்கள் நண்பர்களுக்காகக் கை உயர்த்தினார்கள். பொய்யான ஒரு புள்ளிவிவரத்தைத் துணிந்து சொன்ன மாணவனுக்குத்தான் அதிகம் பேர் மாறினார்கள். எனவே, மனம் மாறியவர் எண்ணிக்கையை மதிப்பெண்ணாக்குவதைக் கைவிட்டேன்.

பந்தலூரிலிருந்து ஒரு தாய் எழுதியது:

கண்ணீரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த மழையிலும் மண்சரிவிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பேரிடர் என்ற தலைப்பு வந்தால் இன்றும் பிள்ளைகள் அதைப் பேசுகிறார்கள். ஒரு போட்டியில் ஒரு சிறுமி தன் வீட்டுச் சுவர் இடிந்ததைச் சொல்லிப் பேச முடியாமல் அழுதாள். அவளுக்கு முதற்பரிசு கொடுத்தார்கள். அவள் அழுததில் பிழையில்லை. ஆனால் அடுத்த போட்டியில் மூன்று பிள்ளைகள் அழுதார்கள். சொல்லிக்கொடுத்து அழவைத்தது பார்த்த எங்களுக்குத் தெரிந்தது. பிள்ளையின் துயரத்துக்கு விலை வைப்பதுபோல எனக்குப் பட்டது.

குன்னூர்த் தமிழாசிரியை எழுதியது:

உணர்ச்சியை நீக்கிவிட்டு வாதம் இல்லை என்றே நான் எண்ணுகிறேன். ஆனால் அந்த உணர்ச்சி எதைச் செய்யச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். இடிந்த சுவரைச் சொல்லும் பிள்ளை, மேலே மலைச்சரிவை வெட்டி வீடு கட்டியதால் மழைநீர் ஓடும் வழி அடைபட்டது என்றும், கட்டட அனுமதிக்கு முன் நீர் வடிவதைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னால், அந்தத் துயரமே காரணத்தைக் காட்டும் சான்றாகிவிடும். துயரம் மட்டும் தனியே நின்றால் ஆறுதல் சொல்ல வேண்டும், மதிப்பெண் இடக்கூடாது.

இங்கே பேசியவற்றைக்கொண்டு ஒரு தாளை அமைத்து, என் ஒன்பதாம் வகுப்பில் முயன்றேன். காரணமும் சான்றும் 40. எதிர்த் தரப்பை நேர்மையாகச் சொல்லி விடையளித்தல் 25. சீட்டுக் கேள்விக்கு விடை 15. கேட்கும்படியும் புரியும்படியும் பேசுதல் 20. உச்சரிப்புக்குத் தனிக் கட்டம் இல்லை. பள்ளி வளாகத்தில் உள்ள கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களை வெட்டலாமா என்பது தலைப்பு. சக ஆசிரியர் ஒருவரும் நானும் தனித்தனியே மதிப்பிட்டோம்.

பெரும்பாலான பேச்சுகளில் எங்கள் மதிப்பெண்கள் மூன்று, நான்கு புள்ளிக்குள் நின்றன. ஒரு மாணவனுக்கு மட்டும் 12 புள்ளி வேறுபட்டது. காற்றில் கிளை முறிந்து வகுப்பறைக் கூரையில் விழுந்ததை அவன் சான்றாகக் காட்டினான். அந்தக் கிளை கற்பூர மரத்துக் கிளை அன்று, சில்வர் ஓக் மரத்துக் கிளை என்று அந்த ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. இருவரும் வெளியே போய் மரத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். என் மதிப்பெண்ணைக் குறைத்தேன். அந்த மாணவனிடமும் சொன்னேன். ‘அப்படியானால் நான் எந்த மரத்தை வெட்டச் சொல்ல வேண்டும்?’ என்று கேட்டுவிட்டு, தன் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனான்.

அடுத்த மாதம் பத்தாம் வகுப்புக்கு இதே தாளை வைத்து நடத்தவிருக்கிறேன். பந்தலூர் அம்மா இசைந்தால், ‘கேட்கும்படியும் புரியும்படியும் பேசுதல்’ என்னும் கட்டத்துக்கு அவரையே நடுவராக அழைக்க விரும்புகிறேன். மகளையும் உடன் அழைத்து வாருங்கள்.